எட்டு ஓட்டை

ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு சமையலறை.
ஹாலை நான் பார்ப்பதில்லை.
செருப்பைக் கழற்றியதும்
நேரே அது நிற்கிற இடத்துக்கு.

மூலக்கொத்தளத்தில் ஒருவர்
பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்,
பத்திரத்துக்கும் நகைக்கும் கீழே.
பெரம்பூரில் ஒரு வீட்டில்
பழைய நைட்டியை வெட்டித் தைத்து உடுத்தியிருக்கிறார்கள்,
கழுத்தில் சுருக்குக் கயிறு.
வந்தவர்கள் பார்த்தால் கூச்சமாம்.
அயனாவரம் வாத்தியார்
படுக்கவைத்தே சமைக்கிறார்.
"கடைசிச் சொட்டும் வரட்டுமே."
சார், அது தேன் பாட்டில் இல்லை சார் என்றேன்.
சிரித்தார். நிமிர்த்தவில்லை.
நான் நிமிர்த்திவிட்டு வந்தேன்.
மறுநாள் என்ன ஆகியிருக்கும் என்று
எனக்குத் தெரியும்.

கீழேதான் போகும் அது.
புகை மாதிரி எழும்பி
ஜன்னலைத் தேடத் தெரியாது.
தரையோடு தரையாக நகர்ந்து
கட்டிலுக்கடியில்,
அரிசி டிரம்முக்குப் பின்னால்
சுருண்டு கிடக்கும்,
ஃபிரிட்ஜ் தானாக உறுமுகிற வரைக்கும்.
அந்த நாற்றம்கூட அதற்குச் சொந்தமில்லை.
நம் மூக்குக்காகச் சேர்த்து அனுப்புகிறார்கள்.

ஜெயசீலி வீடு காசிமேட்டில், மூன்றாவது மாடி.
தோளில்தான் ஏற்ற வேண்டும்.
பத்துக்குப் பத்து, ஒரே அறை.
அடுப்பு மேடைக்குக் கீழே
புது பிளைவுட் கதவு,
ரோஜாப்பூ மைக்கா, இன்னும் மூன்று தவணை பாக்கி.
உள்ளே இருட்டில் சிலிண்டர்.

"கதவு கூடாதும்மா."
"புள்ள திருகுதுண்ணா."
புள்ள பெயர் ஆக்னஸ். இரண்டு வயது.
இந்தப் பேச்சு நடக்கும்போதே
என் பில் புத்தகத்தின் ஒரு மூலையைத் தின்றுவிட்டிருந்தது.

"ஜன்னல் பக்கம்?"
"மாமனார் கட்டில்."
"பால்கனி?"
"அதுதாண்ணா எங்க பாத்ரூம்."
"வாசல்?"
"செருப்பே தங்காது."

துண்டுப் பிரசுரம் ஒன்று வைத்திருக்கிறேன்,
வழுவழுப்பு, நாலு வண்ணம்.
அதில் வரைந்திருக்கிற சமையலறைக்குள்
என் வீடு இரண்டு தடவை அடங்கும்.
எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.
"காத்து போக ஓட்டையாவது போடுங்க" என்று
படியிறங்கிவிட்டேன்.

அடுத்த புக்கிங்குக்குப் போனபோது
ஜெயசீலியின் புருஷன் அந்தோணிதாசன்
காத்திருந்தான். போட் இன்ஜின் மெக்கானிக்.
கதவில் எட்டு ஓட்டை.
அளவு பிசகாமல், ரோஜாவைச் சுற்றி வட்டமாக,
உப்புக் காகிதம் தேய்த்து, வார்னிஷ்கூட அடித்து.

எல்லாம் மேலே.

எப்படிச் சொல்வது.
தோளிலிருந்து முப்பது கிலோவை இறக்கிவைத்தேன்.
தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன்.
காலரில் எழுதியிருக்கிற டி இருபத்தேழைக் காட்டி
இது சோதனைக்குப் போக வேண்டிய தேதி,
லாட்டரி நம்பர் இல்லை என்றேன்.
சிரித்தார்கள். பிறகு சொன்னேன்.

அவன் முகம் ஒரு நிமிடம்
பிஸ்டன் உடைந்த இன்ஜினைப் பார்ப்பதுபோல் இருந்தது.
ஒன்றும் பேசவில்லை.
கதவைக் கழற்றிக் குறுக்கே போட்டு
முழங்காலால் அழுத்திக்கொண்டு
அடியில் இரண்டு விரல் அகலம் அறுத்தான்.
"எலி வருமே" என்றார் ஜெயசீலி.
எலிக்கு ரப்பர் டியூப் என்றால் முறுக்கு.
கோழிவலைத் துண்டு ஒன்று தேடி எடுத்து
ஆணி அடித்தான்.
மேலே இருந்த எட்டு ஓட்டையை
யாரும் அடைக்கவில்லை.

இந்த மாதம் போனேன்.
வலைக்கு முன்னால் வெறுந்தரையில்
ஆக்னஸ் குப்புறத் தூங்குகிறது.
"அங்கதாண்ணா ஜில்லுனு இருக்குதாம்."

ஒன்றும் சொல்லாமல் குந்தி உட்கார்ந்தேன்.
வாஷர் இருக்கிறதா என்று பார்த்து,
ரெகுலேட்டரை மாட்டி,
கிண்ணத்தில் சோப்புத் தண்ணி கலக்கி
மூட்டில் தடவினேன்.
பிள்ளை விழித்துக்கொண்டு
என் கை இடுக்கில் தலையை நுழைத்தது.
மூன்று பேரும் காத்திருந்தோம்,
கீழே தெருவில் ஐஸ் லாரி ஒன்று போய் முடிகிற வரைக்கும்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

ஆக்னஸுக்குத்தான் ஏமாற்றம்.